நோயாளி பெயர்: வில்

நொத்தேர் வாசித்தார்:
வீடு அந்துவானுக்கு.
பீரோவும் அதில் உள்ளதும் அந்துவானுக்கு.
பீரோவுக்குப் பின்னால் இருப்பது பிலோமினுக்கு.

பின்னால் இருந்தது
என்னைவிட அரையடி உயரமான ஒரு வில்.

ஆட்டோவின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு
முத்தியால்பேட்டைக்கு வந்தது.
அஜந்தா சிக்னலில் போலீஸ்காரர் கேட்டார்,
ஸ்கிரீன் மாட்டுற கம்பியாம்மா?
ஆமாம் என்றேன்.

முதலில் பஞ்சு.
வில்லுக்கு முதுகு உண்டு, வயிறு உண்டு.
முதுகு இலக்கைப் பார்க்கும், வயிறு எய்பவரை.
முதுகு நெடுகப் பஞ்சை இழுத்துப் போனேன்,
சிலும்பு இருந்தால் மாட்டும்.
மாட்டவில்லை.
பிடிக்கு ஒரு சாண் மேலே
அரக்கு பூசிய நூற்கட்டு,
அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது.
அழகுக்குச் சுற்றியது என்று நினைத்தேன்.

வயிற்றில் டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன்.
நீளவாக்கில் ஓடும் கோட்டை மன்னிக்கலாம்,
மரம் காய்ந்தால் வருவது.
குறுக்கே, நகம் கீறியதுபோல் ஒன்று இருந்தால்
அங்கே மரம் நசுங்கியிருக்கிறது.
அதற்கு மன்னிப்பில்லை.
அப்படி எதுவும் இல்லை.
அல்லது நான் கண்ணாடி மாற்ற வேண்டும்.

பழைய நாண் தொட்டதும் பொடிந்தது.
புதியதை லாஸ்பேட்டை மைதானத்தில் வில் பழகும் பெண் தந்தாள்.
எத்தன வருசமா நாணேத்தல?
தெரியாது.
அப்ப ஒரே மூச்சுல இழுக்காதீங்கக்கா.
அம்பில்லாம இழுத்து விட்டுறவும் கூடாது.

அஞ்சலாட்சியிடம் மீன் நிறுக்கும்
கொக்கித் தராசை இரவல் வாங்கினேன்.
மொட்டைமாடிக் கைப்பிடியில் வில்லைக் கட்டி,
போலீசுக்குப் பயந்து வாங்கிய ஹெல்மெட்டை
முதன்முறையாக முகம் மூடி மாட்டிக்கொண்டு
இழுத்தேன்.
ஆறு அங்குலம், நாலு கிலோ.
பத்து அங்குலம், எட்டு.
முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு கொடுவாச் செதில்
காய்ந்து ஒட்டியிருந்தது.
பதின்மூன்றில்
டிக்.

ஒரே ஒரு டிக்.
மரமா, தராசா, என் தோள்மூட்டா?
நாற்பத்தாறில் அதுவும் சத்தம் போடும்.
வந்த வழியே மெல்லத் தளர்த்தினேன்.

ஞாயிறு இரவுப் பணி. ஸ்கேன் சென்டரில் ஆளில்லை.
பெயர் கொடுக்காமல் படம் எடுக்க மெஷின் விடாது.
பெயர்: வில்.
வயது: எழுபது என்று வைத்தேன்.
ஆண், பெண், மற்றவை: மற்றவை.
குழந்தை விரலுக்கு வைக்கிற அளவு.
மூன்று படங்கள்.
மூச்சை இழுத்துப் பிடிங்க
என்று சொல்லிவிட்டேன், பழக்க தோஷம்.

கீழ்ப்பாதி: வரிகள் சீராக.
பிடி: சுத்தம்.
மேல்பாதி: நூற்கட்டுக்கு அடியில்
சாய்வாகக் கறுப்பு விரிசல்,
அதைத் தைத்தபடி
இரண்டு வெள்ளை ஆணிகள்.
செருப்பாணி.
எங்கள் வீட்டுச் செருப்புகளுக்கெல்லாம்
அப்பாதான் அடிப்பார்.

அப்பாவின் வலது புருவத்தை
இரண்டாக வெட்டிய தழும்பு,
ஆலையிலிருந்து வரும்போது சைக்கிளிலிருந்து விழுந்தது.
அப்படித்தான் சொன்னார். அம்மாவும் அதையே சொன்னாள்.
அந்த சைக்கிளில் ஒரு கீறல் இருந்ததில்லை.
எனக்குத் தெரியும், துடைத்து வைத்தவள் நான்.

இருபது வருஷமாக
உடை மாற்றிக்கொண்டு வெளியே வரும் முகங்களிடம்
ஒன்றையே சொல்கிறேன்:
படம் எடுக்கிறதுதான் என் வேலை, டாக்டர் சொல்வார்.
பல நேரம் எனக்கு அப்போதே தெரியும்.
முகத்தைச் சுவர்போல் வைத்துக்கொள்வேன்.

இந்தப் படத்துக்கு டாக்டர் இல்லை.

துலூஸிலிருந்து அந்துவான்:
எய்ஞ்சு பாத்தியா?
அது உடையவே உடையாதுன்னு அப்பா சொல்வாரே.
திரையில் ஆணிகளைப் பெரிதாக்கினேன்.
இரண்டும் கோணல்.
ஒரு கையால் அடித்திருக்க வேண்டும்,
மறு கை புருவத்தை அழுத்திக்கொண்டிருக்க.

நாண் கட்டாம மாட்டி வைக்கப் போறேன் என்றேன்.
ஏன், பயமா?
ஆமாம் என்றேன். போலீஸ்காரரிடம் சொன்னதைப்போல் அல்ல.

போனை வைத்த பிறகு நினைவு வந்தது.
மேசையைப் பார்த்துச் சொன்னேன்,
இப்ப மூச்சு விடலாம்.

காலையில் தராசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
விடிகிற முன்பே கடைபோடுவாள்.